கேரளா பத்தி எல்லாரும் திரும்பத் திரும்ப கேட்குற கேள்விகள்

நான் கோயம்புத்தூர்க்காரன், வேலைக்காக திருச்சூர் வந்து 14 வருஷம் ஆச்சு. லீவு வந்தா போதும், ஊர்ல இருந்து சித்தப்பா, அத்தை, காலேஜ் ஃப்ரெண்ட்ஸ்னு ஃபோன் ஆரம்பிச்சிடும், எல்லாரும் கேட்குறது ஒரே கேள்விங்க தான். அவங்க கேட்ட மாதிரியே கேள்வியை போட்டு எனக்கு தெரிஞ்சதை கீழ எழுதியிருக்கேன். பக்கத்து ஸ்டேட் தானேன்னு ஒரு நினைப்புல இருக்கோம், ஆனா பாதி விஷயம் நமக்கு தப்பா தான் தெரிஞ்சிருக்கு.

கேரளா சின்ன ஸ்டேட் தானே, ஒரு வாரத்துல முழுசா பாத்துடலாமா?

பரப்பளவுல சின்னது தான், 38,863 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டுல மூணுல ஒரு பங்கு கூட வராது. 14 மாவட்டம். ஆனா மேப்பை எடுத்து பாருங்க, வடக்கு தெற்கா பாவக்கா மாதிரி நீளமா கிடக்கும், கடற்கரை மட்டுமே கிட்டத்தட்ட 590 கிலோமீட்டர். காசர்கோடுல வந்தே பாரத் ஏறினாலே திருவனந்தபுரம் போக எட்டு மணி நேரம் ஆகும், அதனால ஒரு வாரத்துல மூணாறு, வயநாடு, ஆலப்புழா, பத்மநாபசாமி கோவில் எல்லாத்தையும் பாக்கணும்னு வந்தா நீங்க பாக்குறது ரோட்டை மட்டும் தான்.

கிழக்கே மலை, நடுவுல மேடும் பள்ளமுமா இருக்குற இடநாடு, மேற்கே கடல், இந்த மூணையும் ஒரே நாள்ல குறுக்கால தாண்டிடலாம். அதனால நான் எப்பவும் சொல்றது, மேல இருந்து கீழ வரைக்கும் ஓடாதீங்க, ஒரு பகுதியை எடுத்துக்கிட்டு மலையில இருந்து கடல் வரைக்கும் குறுக்கால பாருங்க.

இது நம்ம சேர நாடு தானே? அப்புறம் எப்ப தனி ஸ்டேட் ஆச்சு?

சேர நாடு தான், அதுல சந்தேகமே இல்ல. பதிற்றுப்பத்து முழுக்க சேர ராஜாக்களை பத்தி தான் பாடியிருக்கு. யவனர் கப்பல் பொன்னோட வந்து மிளகோட திரும்பிப் போச்சுன்னு அகநானூறு சொல்ற முசிறி, இன்னைக்கு கொடுங்கல்லூர் பக்கம்னு தான் பெரும்பாலும் சொல்றாங்க, அங்க பட்டணம்ங்கிற ஊர்ல தோண்டினப்ப ரோமானிய ஜாடித் துண்டெல்லாம் கிடைச்சிருக்கு.

ஸ்டேட் ஆனது 1956 நவம்பர் 1. அதுக்கு முன்னாடி திருவிதாங்கூர், கொச்சின்னு ரெண்டு சமஸ்தானம் இருந்துச்சு, 1949ல அது ரெண்டும் ஒண்ணாச்சு. வடக்கே இருந்த மலபார் நம்ம மெட்ராஸ் மாகாணத்துல ஒரு ஜில்லா. 56ல மலபாரும் காசர்கோடும் அந்த பக்கம் சேர்ந்துச்சு, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்ம பக்கம் வந்துச்சு. இந்த மூணு துண்டு கதையை ஞாபகம் வச்சுக்கோங்க, ஏன்னா கண்ணூர்க்காரர் சாப்பாடும் பேச்சும் திருவனந்தபுரத்துக்காரர் சாப்பாடும் பேச்சும் ஏன் இவ்ளோ வேறயா இருக்குன்னு அப்புறம் கேட்பீங்க. பேரும் அவங்க பாஷையில கேரளம் தான், எல்லாத்துலயும் அப்படியே மாத்தணும்னு 2024ல சட்டசபையில தீர்மானமே போட்டாங்க.

மலையாளம் தமிழ்ல இருந்து வந்தது தானே? நாம பேசினா புரியுமா?

நாம பேசுறது அவங்களுக்கு நல்லா புரியும், காரணம் நம்ம சினிமா. அவங்க வேகமா பேசுறது தான் நமக்கு புரியாது. ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வந்த பாஷை, மலையாளத்தோட பழைய கல்வெட்டெல்லாம் நம்ம பழைய எழுத்தான வட்டெழுத்துல தான் இருக்கு. நடுவுல மலை இருக்கு, அங்க சமஸ்கிருதம் நிறைய கலந்துச்சு, ஆயிரம் வருஷத்துக்கு மேல தனியா வளர்ந்திருக்கு, 2013ல செம்மொழி அந்தஸ்தும் கிடைச்சாச்சு. அதனால அவங்க கிட்ட போய் "உங்க பாஷை எங்க பாஷையில இருந்து பொறந்தது தானே"ன்னு ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ், கேட்குறவங்களுக்கு அது வலிக்கும், நான் பாத்திருக்கேன்.

ஒரே சொல் வேற அர்த்தத்துல வர்றது தான் பெரிய குழப்பம். வெள்ளம்னா தண்ணி, அரின்னா அரிசி, முறின்னா ரூம், பட்டின்னா நாய். எங்கம்மா முதல் தடவை இங்க வந்தப்ப பக்கத்து வீட்டு சேச்சிகிட்ட "இன்னைக்கு என்ன குழம்பு?"ன்னு கேட்டாங்க, அந்த சேச்சி உடனே உள்ள போய் முட்டிக்கு தேய்க்குற தைலத்தை எடுத்துட்டு வந்து நீட்டினாங்க. இங்க குழம்புன்னா ஆயுர்வேத எண்ணெய், நாம சோத்துல ஊத்துறதுக்கு பேர் கறி. அன்னைல இருந்து அவங்க ரெண்டு பேரும் அப்படி ஒரு சிநேகிதம், அம்மா ஊருக்கு போனாலும் வாரம் ஒரு தடவை ஃபோன்ல பேசிக்குவாங்க.

எல்லாரையும் சேட்டா, சேச்சின்னு கூப்பிட்டா போதுமா?

பெரும்பாலான இடத்துல போதும், அண்ணா அக்கா தான் அது. வடக்கே கண்ணூர் பக்கம் போனா ஏட்டான்னு சொல்வாங்க, முஸ்லிம் வீடுகள்ல இக்கா, இத்தா. ஸ்கூல் வாத்தியார்னா மாஷ், பொம்பள வாத்தியார்னா டீச்சர், ரிட்டயர் ஆகி முப்பது வருஷம் ஆனாலும் ஊரே டீச்சர்னு தான் கூப்பிடும். "மல்லு"ன்னு கூப்பிடுறதை நிறைய பேர் விரும்ப மாட்டாங்க, மலையாளின்னு சொல்லுங்க.

எந்த மாசம் வரணும்? எப்பவும் மழை பெய்யும்னு சொல்றாங்களே?

ரெண்டு மழைக்காலம். ஜூன் 1 வாக்குல தென்மேற்கு பருவமழை இங்க தான் முதல்ல இறங்கும், இடவ மாசம் பாதியில வர்றதால அதுக்கு இடவப்பாதின்னு பேர். அக்டோபர், நவம்பர்ல நமக்கு பெய்யுற வடகிழக்கு மழை இவங்களுக்கு துலாவர்ஷம், சாயங்காலம் இடி மின்னலோட வந்துட்டு போயிடும். மாசப் பேரெல்லாம் மேடம், இடவம், மிதுனம், கர்க்கடகம்னு ராசிப் பேர்ல தான் இருக்கும், இதுக்கு கொல்லவர்ஷம்னு பேர், கி.பி. 825ல தொடங்கினது.

மழை பாக்கணும்னே நிறைய பேர் கர்க்கடகத்துல, அதாவது ஜூலை நடுவுல இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் வர்றாங்க. அழகு தான். ஆனா மலைப்பகுதிக்கு அந்த நேரம் போகாதீங்கன்னு நான் கண்டிப்பா சொல்வேன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தை நான் நேர்ல பாத்தவன், எங்க தெரு ரெண்டு நாள் தண்ணியில கிடந்துச்சு. அந்த வருஷம் கடற்கரையில இருந்து மீனவங்க தங்களோட சொந்த போட்டை லாரியில ஏத்திக்கிட்டு உள்நாட்டுக்கு வந்து ஆயிரக்கணக்கான பேரை காப்பாத்தினாங்க, அதை இங்க யாரும் மறக்கல. 2024 ஜூலை 30 விடியக்காலையில வயநாட்டுல முண்டக்கை, சூரல்மலை ஊருங்க மண்ணோட போச்சு. மஞ்சள், ஆரஞ்சு, ரெட்டுன்னு அலர்ட் சொன்னா அதை லேசா எடுத்துக்காதீங்க. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வாங்க, இல்லன்னா மழை குறைஞ்சு எல்லாம் பச்சையா இருக்குற செப்டம்பர்ல வாங்க.

ஓணம்னா நம்ம பொங்கல் மாதிரியா? எதுக்கு கொண்டாடுறாங்க?

அறுவடைங்கிற அளவுல பொங்கல் மாதிரி. கதை வேற. மகாபலின்னு ஒரு அசுர ராஜா, அவர் காலத்துல மனுஷங்க எல்லாரும் ஒண்ணு போல இருந்தாங்க, பொய்யும் ஏமாத்தும் கிடையாதுன்னு சொல்வாங்க. வாமனன் வந்து மூணடி மண்ணு கேட்டு அவரை பாதாளத்துக்கு அனுப்பினார், வருஷத்துல ஒரு நாள் மக்களை வந்து பாத்துக்கலாம்னு வரம். அந்த நாள் தான் சிங்க மாசம் திருவோணம், நம்ம ஆவணி. ஒண்ணு கவனிச்சீங்களா, ஜெயிச்ச சாமிக்காக இல்ல, தோத்துப்போன ராஜா திரும்பி வர்றதுக்காக ஒரு ஊரே புதுத்துணி உடுத்துது. எனக்கு இந்த ஊர் மேல பாசம் வந்ததே இந்த கதையால தான்னு சொல்வேன்.

அத்தம் நட்சத்திரத்துல இருந்து பத்து நாள் வாசல்ல பூக்களம் போடுவாங்க, ஒவ்வொரு நாளும் வட்டம் பெருசாகும். முன்னெல்லாம் வேலியோரம் தும்பை, முக்குத்தின்னு பசங்க பறிச்சுட்டு வருவாங்களாம், இப்ப செண்டுமல்லி பாதிக்கு மேல நம்ம பக்கத்துல இருந்து லாரியில தான் வருது. இந்து வீடு, கிறிஸ்தவ வீடு, முஸ்லிம் வீடுன்னு பாக்காம எல்லாரும் கொண்டாடுவாங்க. நாலாவது ஓணத்துக்கு திருச்சூர்ல புலிக்களி, தொப்பையில புலி முகம் வரைஞ்சுட்டு ஆடுவாங்க, அன்னைக்கு சாயங்காலம் ஊர் நடுவுல இருக்குற ஸ்வராஜ் ரவுண்டு ரோட்டுல நிக்க இடம் கிடைக்காது.

ஓண சத்யால 26 ஐட்டமா? எப்படி சாப்பிட்டு முடிக்கிறது?

சத்யான்னா இலை போட்டு வைக்குற விருந்து. எண்ணிக்கை வீட்டுக்கு வீடு மாறும், 26ன்னு ஒரு பேச்சு இருக்கு அவ்ளோ தான். இலையோட நுனி இடது பக்கம், அங்க உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சிப்புளி. அப்புறம் தோரன், ஓலன், காளன், எரிசேரி, அவியல், பச்சடி, கிச்சடி. கிச்சடின்னா நம்ம ரவா கிச்சடி இல்ல, வெள்ளரிக்கா போட்ட தயிர் ஐட்டம். சோறு வந்ததும் முதல்ல பருப்பும் நெய்யும், அதுல பப்படத்தை நொறுக்கி பிசையணும், அப்புறம் சாம்பார், அப்புறம் பாயசம்.

பாயசத்தை கடைசி ஐட்டம்னு நினைச்சு வயித்துல இடம் வைக்காம விட்றாதீங்க, அதுலயே ரெண்டு மூணு வகை வரும், அடை பிரதமன்ல ஒரு பழத்தை பிசைஞ்சு சாப்பிட்டு பாருங்க. திருவனந்தபுரம் பக்கம் பால் பாயசத்துக்கு போளி வச்சு குடுப்பாங்க. அதுக்கு மேல ரசமோ மோரோ ஊத்தி ஒரு வாய் சோறு. சத்யான்னா சுத்த சைவம்னு எல்லாரும் நினைப்பாங்க, ஆனா மலபார்ல நிறைய வீட்டுல ஓணத்துக்கு மீனும் கோழியும் கூட இலையில இருக்கும், அது அங்க வழக்கம்.

மத்த நாள்ல சாப்பாடு எப்படி? எல்லாமே தேங்காய் எண்ணெய் தானா?

ஆமா, ரெண்டு நாள்ல பழகிடும். ஹோட்டல்ல இளஞ்சிவப்பா வெந்நீர் வச்சா பயப்பட வேணாம், பதிமுகம்னு ஒரு மரக்கட்டை போட்டு கொதிக்க வச்சது. சோறு குண்டா சிவப்பா மட்டை அரிசி, வெள்ளை சோறு வேணும்னா கேட்டு வாங்கணும். புட்டும் கடலக்கறியும், கப்பைங்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன் கறியும் (குடம்புளி போட்ட கோட்டயம் மீன் கறி முதல் நாளை விட மறுநாள் தான் ருசி), கைமா அரிசியில பண்ற தலச்சேரி பிரியாணி, இந்த மூணையும் தவற விடாதீங்க.

பீஃப் பத்தி எல்லாரும் தயங்கித் தயங்கி கேட்பாங்க. இங்க அது சாதாரண சாப்பாடு, எல்லா மதத்துலயும் சாப்பிடுறவங்க இருக்காங்க, சாப்பிடாதவங்களும் இருக்காங்க, யாரும் யாரையும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. சைவம்னா "வெஜிடேரியன் ஹோட்டல்"னே கேட்டு போங்க.

கோவில்ல சட்டையை கழட்டியே ஆகணுமா?

குருவாயூர், பத்மநாபசாமி கோவில் மாதிரி பெரிய கோவில்கள்ல ஆமா, ஆம்பளைங்க வேட்டி மட்டும், மேல சட்டை இல்லாம தான். நம்ம ஊர் பக்கம் ஜீன்ஸோட போய் பழகினவங்க வாசல்ல வேட்டி வாடகைக்கு தேடி அலையுறதை பாக்குறேன், வீட்டுல இருந்தே ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க. இந்து இல்லாதவங்களுக்கு இந்த ரெண்டு கோவில்லயும் உள்ள அனுமதி கிடையாது. இது சரியான்னு இங்கயே பல வருஷமா விவாதம் நடக்குது.

கதகளியும் தெய்யமும் ஒண்ணு தானே? ரெண்டுலயும் மூஞ்சில பெயிண்ட், பெரிய கிரீடம்.

இல்லவே இல்ல. கதகளி மேடைக் கலை, நடிகர் பேச மாட்டார், பின்னாடி பாட்டு, கண்ணும் கையும் தான் கதை சொல்லும். பச்சை முகம்னா நல்ல குணம், கத்தி வேஷம்னா ராவணன் மாதிரி ஆளுங்க. கவிஞர் வள்ளத்தோள் 1930ல ஆரம்பிச்ச கலாமண்டலம் திருச்சூர் மாவட்டத்துல செறுதுருத்தியில இருக்கு, நேரமிருந்தா வகுப்பு நடக்குறப்ப போய் பாருங்க, காலங்காத்தால பசங்க கண்ணை மட்டும் சுத்திச் சுத்தி பயிற்சி பண்ணுவாங்க.

தெய்யம் நாடகமே இல்ல, அது சாமி. கண்ணூர், காசர்கோடு பக்கம் துலாம் 10ல இருந்து மழை தொடங்குற வரைக்கும் ராத்திரி ராத்திரியா காவுகள்ல, அதாவது சாமி இருக்குற தோப்புகள்ல நடக்கும். வண்ணான், மலையன்னு ஒரு காலத்துல ஒதுக்கி வச்சிருந்த சாதிக்காரங்க தான் கோலம் கட்டுவாங்க. முகத்துல எழுதி, முடின்னு சொல்ற கிரீடத்தை வச்சு, கண்ணாடியில தன் முகத்தை பாக்குற அந்த நிமிஷத்துல இருந்து அவர் தெய்வம், தம்புரானா இருந்தாலும் கும்பிட்டு நிக்கணும். பொட்டன் தெய்யம்னு ஒண்ணு இருக்கு, "உன்னை வெட்டினாலும் என்னை வெட்டினாலும் வர்றது ஒரே ரத்தம் தானே"ங்கிற பொருள்ல கேள்வி கேட்டுட்டு தீக்கனல் மேல படுக்கும். நான் முதல் தடவை பாத்துட்டு ராத்திரி முழுக்க தூங்கல. வருஷம் முழுக்க பாக்கணும்னா பறச்சினிக்கடவு முத்தப்பன் கோவில், சாதி மதம் கேட்க மாட்டாங்க, மீனும் கள்ளும் படையல், கோவிலுக்குள்ள நாய்ங்க சுதந்திரமா திரியும்.

இவ்ளோ படிச்ச ஊர், சாதி வித்தியாசமெல்லாம் அங்க எப்பவுமே இருந்ததில்ல தானே?

இந்தக் கேள்விக்கு தான் நான் ரொம்ப நேரம் பதில் சொல்வேன். இருந்துச்சு, இந்தியாவுலயே ரொம்ப கொடுமையா இருந்த இடங்கள்ல இது ஒண்ணு. தொட்டா தீட்டு மட்டும் இல்ல, இத்தனை அடி தூரத்துக்குள்ள வந்தாலே தீட்டுன்னு சாதிக்கு சாதி கணக்கு வச்சிருந்தாங்க. தெற்கு திருவிதாங்கூர்ல, அதாவது இன்னைக்கு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல, நாடார் பெண்கள் மேல்சீலை போடுறதுக்கே பல வருஷம் அடி வாங்கி போராடி 1859ல தான் உரிமை கிடைச்சுது. 1888ல நாராயண குரு அருவிப்புறத்துல தானே சிவலிங்கத்தை பிரதிஷ்டை பண்ணினார், ஈழவர் அப்படி பண்ணலாமான்னு கேட்டவங்க வாயடைச்சு போனாங்க. 1893ல அய்யங்காளி தடை பண்ணின ரோட்டுல வில்லுவண்டி ஓட்டிட்டு போனார், புலையர் பிள்ளைகளை ஸ்கூல்ல சேர்க்கலன்னு சொன்னதுக்கு வயல்ல யாரும் இறங்க மாட்டோம்னு வேலைநிறுத்தமே நடத்தினார். 1924ல வைக்கம் கோவிலை சுத்தி இருக்குற தெருவுல நடக்குறதுக்காக சத்தியாகிரகம், அங்க போய் ஜெயிலுக்கு போனவர் நம்ம பெரியார். 1936 நவம்பர் 12ல தான் திருவிதாங்கூர்ல கோவில் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்துச்சு.

அப்புறம் 1957ல இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில தேர்தல்ல ஜெயிச்ச கம்யூனிஸ்ட் ஆட்சி, நிலச்சீர்திருத்தம், ஊருக்கு ஊர் வாசகசாலை. 1991 ஏப்ரல் 18ல முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம்னு கோழிக்கோட்டுல அறிவிச்சாங்க, அதை மேடையில வாசிச்சது வயசான காலத்துல எழுதப் படிக்க கத்துக்கிட்ட சேலக்கோடன் ஆயிஷாங்கிற அம்மா. 2011 கணக்குல எழுத்தறிவு 94 சதவீதம். அதனால "கடவுளின் சொந்த நாடு"ன்னு டூரிஸம் போர்டு பாத்தா எனக்கு மனசு கேட்காது, இது அடி வாங்கி மனுஷங்க உண்டாக்கின ஊர். சாதி இன்னும் முழுசா போயிடலங்கிறதையும் சேர்த்து சொல்றேன், கல்யாண விளம்பரத்தை பாத்தாலே தெரியும்.

அங்க பொண்ணுங்க கையில தான் சொத்து, வீட்டுல அவங்க ராஜ்ஜியம்னு கேள்விப்பட்டேனே?

பாதி சரி. மருமக்கத்தாயம்னு ஒரு முறை இருந்துச்சு, வம்சமும் சொத்தும் அம்மா வழியில போகும். நாயர், வடக்கே சில மாப்பிள முஸ்லிம் குடும்பம்னு சில சமுதாயத்துல தான், எல்லார்லயும் இல்ல. தறவாடுங்கிற கூட்டுக்குடும்பத்தை நிர்வாகம் பண்றது காரணவர், அதாவது தாய்மாமன், அதனால பொண்ணுங்க ராஜ்ஜியம்னு சொல்ல முடியாது. 1975ல சட்டம் போட்டு கூட்டுக்குடும்ப முறையையே எடுத்துட்டாங்க. இன்னைக்கு வரதட்சணைக் கொடுமை இங்கயும் இருக்கு, பேப்பர்ல வருது.

வீட்டுக்கு ஒருத்தர் கல்ஃப்ல இருக்காங்களா?

1970கள்ல எண்ணெய் விலை ஏறினதுல இருந்து போக ஆரம்பிச்சாங்க, மலப்புறம் பக்கம் போனா நிஜமாவே அப்படித் தோணும். அந்தப் பணத்துல தான் இங்க வீடும் ஸ்கூலும் ஆஸ்பத்திரியும் எழும்புச்சு, அப்பா முகத்தை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாத்து வளர்ந்த பிள்ளைங்களும் இங்க தான். இப்ப இங்க கட்டட வேலை பண்றது வங்காளம், அசாம், ஒடிசாவுல இருந்து வந்தவங்க, அவங்களை அரசாங்கமே அதிதித் தொழிலாளின்னு, விருந்தாளின்னு தான் எழுதுது.

44 ஆறு ஓடுதுன்னு சொல்றீங்க, அப்புறம் முல்லைப்பெரியாறுல ஏன் நம்மளோட சண்டை?

44ல 41 மேற்கே ஓடி கடல்ல சேருது, கபனி, பவானி, பாம்பாறு மூணு தான் கிழக்கே வருது. பெரியாறும் மேற்கே ஓடுறது தான், அதை மறிச்சு சுரங்கம் வழியா நம்ம பக்கம் திருப்பினது பென்னிகுயிக், 1895ல. 1886ல போட்ட 999 வருஷ குத்தகை. தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்துக்கு அந்தத் தண்ணி உயிர், அதை நான் இங்க யார்கிட்டயும் விட்டுக் கொடுத்து பேசினதில்ல. 2014ல சுப்ரீம் கோர்ட் அணை பலமா இருக்கு, 142 அடி வரைக்கும் தேக்கலாம்னு தீர்ப்பு சொல்லியாச்சு.

ஆனா அணைக்கு கீழ இடுக்கியில இருக்குறவங்க பயத்தையும் கேளுங்க. மேல மழைப் பகுதியில சொன்ன 2018, 2024 எல்லாம் பாத்தவங்க, ராத்திரி மழை கூடினா தூக்கம் வராது. இந்த விஷயத்தை டீக்கடையில ரெண்டு பக்கமும் கத்திப் பேசுறதை விட, வண்டிப்பெரியாறுல ஒரு வீட்டுலயும் கம்பத்துல ஒரு வீட்டுலயும் உக்காந்து கேட்டா வேற மாதிரி புரியும். ரெண்டு இடத்துலயும் தமிழ் தான் பேசுவாங்க.

கடைசியா ஒண்ணு, ஆலப்புழா ஹவுஸ்போட் எடுக்கலாமா?

காசு இருந்தா எடுங்க. அந்தக் கெட்டுவள்ளம் முன்னாடி நெல்லு ஏத்துற படகு, ஆணியே இல்லாம கயிறால கட்டினது. ஆனா குட்டநாடு பாக்கணும்னா அரசு போட்டுல ஏறுங்க, டிக்கெட் ரொம்ப கம்மி. ஆலப்புழால இருந்து கோட்டயம் வரைக்கும் ரெண்டரை மணி நேரத்துக்கு மேல வரும். வயல் எல்லாம் கடல் மட்டத்துக்கு கீழ, வரப்பு கட்டி தண்ணியை இறைச்சு இறைச்சு நெல் போடுறாங்க, நீங்க போட்டுல இருந்து கீழ குனிஞ்சு வயலை பாப்பீங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஏறினா ஒவ்வொரு படித்துறையிலயும் ஸ்கூல் பசங்க பையோட இறங்குவாங்க, இறங்கினதும் வீட்டு வாசல். இடது பக்க ஜன்னல் ஓரமா இடம் பிடிச்சுக்கோங்க.